நிலம் கையில், வேலை காகிதத்தில்

2025 ஏப்ரலில் ஆந்திர அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. விசாகப்பட்டினத்தில் 21.16 ஏக்கர் நிலம் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் (டிசிஎஸ்) நிறுவனத்துக்கு 99 காசு என்ற பெயரளவு விலைக்கு வழங்கப்படும் என்பதே அந்த முடிவு. பதிலுக்கு 1,370 கோடி ரூபாய் முதலீடு வரும், 12,000 பேருக்கு வேலை கிடைக்கும் என்று அறிவித்தார்கள். சுமார் மூன்றரை மாதங்கள் கழிந்தன. ஜூலை இறுதியில் அதே நிறுவனம், தன் ஊழியர்களில் 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000-க்கும் சற்றுக் கூடுதலானவர்களை வெளியேற்றப் போவதாகக் கூறியது. நிறுவனம் நட்டத்தில் தள்ளாடியதா? இல்லை. அதே ஜூலையில் வெளியான ஏப்ரல் - ஜூன் காலாண்டுக் கணக்கில் நிகர லாபம் 12,760 கோடி ரூபாய்.

ஒரு கையில் 12,000 பேருக்கு வேலை தருவதாகச் சொல்லி அரசு நிலத்தைப் பெறுவதும், மறு கையால் ஏறத்தாழ அதே எண்ணிக்கையிலான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்புவதும் தற்செயலாக ஒத்துப்போன எண்களாக இருக்கலாம். ஆனால் இந்தத் தற்செயல் ஓர் உண்மையைப் பளிச்சென்று காட்டிவிட்டது. பெரும் தொழில்நுட்ப நிறுவனங்களோடு நமது அரசுகள் செய்துகொள்ளும் உடன்பாடுகளில் நிலம், மின்சாரம், வரிச்சலுகை, சட்டவிலக்கு ஆகியவை அளந்து, எண்ணி, ஆணையாகத் தரப்படுகின்றன. வேலைவாய்ப்பு மட்டும் எதிர்பார்ப்பாக, மதிப்பீடாக, மேடைப் பேச்சாக நின்றுவிடுகிறது. ஓர் இடத்தில் புதிதாக அமர்த்தப்படுகிறவர்களையும் இன்னோர் இடத்தில் வெளியேற்றப்படுகிறவர்களையும் கழித்துப் பார்த்து மிச்சம் எவ்வளவு என்று கேட்கும் பழக்கம் எந்த மாநில அரசுக்கும் இல்லை.

இந்தக் கேள்வியைப் பெங்களூருவிலிருந்து எழுப்புவதற்குக் காரணம் உண்டு. நாட்டின் தகவல் தொழில்நுட்பத் தலைநகரம் என்று கொண்டாடப்படும் இந்நகரின் நடுவே, ஆஸ்டின் டவுனுக்கும் ஈஜிபுராவுக்கும் அருகே இருக்கிறது நீலசந்திரா. தமிழும் உருதும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் உழைப்பாளர் பகுதி அது. கோரமங்கலாவின் புத்தொழில் நிறுவனங்களும் கண்ணாடி மாளிகைகளும் நடந்துபோகும் தூரத்தில் உள்ளன. இது போன்ற பகுதிகளிலிருந்துதான் அந்த மாளிகைகளைக் கூட்டித் துடைக்கும் பெண்களும், வாசலில் நிற்கும் செக்யூரிட்டிகளும், இரவுப்பணி ஊழியர்களை ஏற்றிச் செல்லும் ஓட்டுநர்களும், உணவுப் பொட்டலத்தை முதுகில் சுமந்து ஓடும் இளைஞர்களும் புறப்பட்டுப் போகிறார்கள். புரிந்துணர்வு ஒப்பந்தங்களில் இவர்களுக்கும் ஓர் இடம் இருக்கிறது. ‘மறைமுக வேலைவாய்ப்பு’ என்று ஒரு பெரிய எண் அச்சிடப்படுமே, அதற்குள் இருப்பவர்கள் இவர்கள்தான். அந்த எண்ணைக் காட்டி நிறுவனம் சலுகை பெறுகிறது. ஆனால் அந்த எண்ணுக்குள் இருக்கும் மனிதருக்கு என்ன கூலி, பிஎஃப் உண்டா, இஎஸ்ஐ உண்டா, ஒப்பந்ததாரர் மாறினால் வேலை நிலைக்குமா என்று ஒரு வரியும் எழுதப்படுவதில்லை. ‘எங்கள் ஊழியர்கள் அல்லர், ஏஜென்சி ஆட்கள்’ என்று சொல்லி நிறுவனம் ஒதுங்கிக்கொள்கிறது. சலுகைக்கான கணக்கில் வேலை பெற்றவர், சட்டத்துக்கான கணக்கில் யாரோ ஒருவர்.

நீலசந்திரா மக்களுக்கு அரசு நிலத்தின் கதையும் தெரியும். 2013 ஜனவரியில் பக்கத்து ஈஜிபுராவில், பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான குடியிருப்பு இருந்த இடத்தில் தகரக் கொட்டகைகளில் வாழ்ந்துவந்த ஆயிரக்கணக்கானோர் போலீஸ் துணையோடு புல்டோசர் வைத்து அப்புறப்படுத்தப்பட்டார்கள். அந்த மாநகராட்சி நிலத்தின் ஒரு பகுதியில் தனியார் வணிக வளாகம் எழுவதற்கு ஒப்பந்தம் போடப்பட்டிருந்தது. ஏழைக்கு ஒரு கொட்டகை இடத்தை விட்டுவைக்க மனமில்லாத ஆட்சிமுறைதான், ஏக்கர் கணக்கில் நிலத்தை முதலீட்டாளர் காலடியில் வைக்கிறது.

பொதுப்பணத்தில் எழுந்த நகரம்

பெங்களூருவைத் தனியார் மூலதனம் படைத்தது என்றொரு கதை நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1909-இல் மைசூர் அரசு தந்த நிலத்தில் உருவான இந்திய அறிவியல் கழகம், 1940-இல் தொடங்கி விரைவிலேயே அரசின் கைக்கு வந்த விமானத் தொழிற்சாலை, சுதந்திரத்துக்குப் பின் 1948-இல் ஐடிஐ, 1953-இல் எச்எம்டி, 1954-இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் என்று வரிசையாக வந்த பொதுத்துறை நிறுவனங்கள்தான் இந்நகரில் பொறியாளரையும் தொழில்நுட்பத் தொழிலாளியையும் உருவாக்கின. 1980-81-இல் 77 நாட்கள் வேலைநிறுத்தம் செய்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தவர்கள் இந்தப் பொதுத்துறைத் தொழிலாளர்கள். எலக்ட்ரானிக் சிட்டியை உருவாக்கியது மாநில அரசின் கியோனிக்ஸ் நிறுவனம். 1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இங்கு வந்தபோது அதற்குத் தேவைப்பட்ட செயற்கைக்கோள் தொடர்பும் அரசின் அனுமதியோடும் ஏற்பாட்டோடும்தான் கிடைத்தது. மென்பொருள் ஏற்றுமதியின் லாபத்துக்கு 2011 மார்ச் வரை வருமானவரிச் சலுகை நீடித்தது.

நிலம், ஆய்வகம், பயிற்சி பெற்ற மனிதர், வரிவிலக்கு அனைத்தும் மக்கள் கொடுத்தவை. ஆகவே ‘முதலீட்டாளர் நமக்கு உதவி செய்ய வருகிறார்’ என்ற தொனியில் அமைச்சர்கள் பேசும்போது, கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று தலைகீழாகிவிடுகிறது.

நான்கு நிபந்தனைகள்

கர்நாடகத்தில் இந்த உறவு எந்த அளவுக்குச் சென்றது என்பதை அறிய, நிலையாணைச் சட்டத்தின் கதையைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

1946-ஆம் ஆண்டின் தொழில் நிறுவன வேலைவாய்ப்பு (நிலையாணைகள்) சட்டம் பெரிய புரட்சிச் சட்டம் ஒன்றும் அல்ல. வெள்ளையர் ஆட்சியின் கடைசி நாட்களில் வந்தது. வேலை நேரம் எவ்வளவு, விடுப்பு எவ்வளவு, யார் நிரந்தரத் தொழிலாளி, யார் தற்காலிகம், எது ஒழுங்கீனம், ஒருவரை நீக்குவதற்கு முன் என்ன விசாரணை நடக்க வேண்டும் என்பதை முதலாளி எழுத்தில் வைக்க வேண்டும், அரசு அதிகாரி அதைச் சரிபார்த்துச் சான்றளிக்க வேண்டும், அவ்வளவுதான். அதாவது, காலையில் வேலைக்கு வந்தவரை மாலையில் வாசலில் நிறுத்தி அடையாள அட்டையைப் பறிக்கக் கூடாது என்பதற்கான குறைந்தபட்ச ஏற்பாடு. இந்தக் குறைந்தபட்சத்திலிருந்துதான் கர்நாடக அரசு ஐடி, ஐடி சார்ந்த சேவை நிறுவனங்களுக்கு விலக்கு அளித்து வருகிறது.

2014 ஜனவரியில் ஐந்தாண்டுக்கு விலக்கு தந்தபோது முதலமைச்சர் சித்தராமையா. 2019-இல் நீட்டித்தபோது குமாரசாமி தலைமையில் மதச்சார்பற்ற ஜனதா தளம் - காங்கிரஸ் கூட்டணி. இடையில் ஆட்சிக்கு வந்த பாஜக அதை ரத்து செய்வதைப் பற்றிச் சிந்திக்கவே இல்லை. 2024 மார்ச்சில், மக்களவைத் தேர்தல் நெருங்கிய வேளையில், மீண்டும் சித்தராமையா அரசு இன்னும் ஐந்தாண்டுக்கு நீட்டித்தது. சட்டமன்றத்தில் ஒருவரையொருவர் கிழித்தெறியும் மூன்று கட்சிகளும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே குரல்.

விலக்கு சும்மா தரப்படவில்லை, நிபந்தனைகளோடுதான் தந்தோம் என்று அரசு சொல்லும். உண்மைதான். நிபந்தனைகள் நான்கு. பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உட்குழு அமைக்க வேண்டும். நிர்வாகமும் ஊழியரும் சம எண்ணிக்கையில் இடம்பெறும் குறைதீர்ப்புக் குழு வேண்டும். பணியிடைநீக்கம், பணிநீக்கம், பதவியிறக்கம் போன்ற ஒவ்வொரு நடவடிக்கையையும் தொழிலாளர் துறை அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். ஊழியரின் பணிநிலை குறித்துத் துறை கேட்கும் தகவலை உடனுக்குடன் தர வேண்டும்.

மூன்றாவது நிபந்தனையைக் கவனியுங்கள். இது மட்டும் நடைமுறையில் இருந்திருந்தால், இம்மாநிலத்தில் எந்த நிறுவனம் எந்த மாதம் எத்தனை பேரை வெளியேற்றியது என்ற விவரம் தொழிலாளர் ஆணையரின் மேசையில் இருந்திருக்கும். ஆனால் நடந்தது என்ன? 2025 பிப்ரவரியில் மைசூரு வளாகத்தில் இன்போசிஸ் நிறுவனம் 300-க்கும் மேற்பட்ட பயிற்சி ஊழியர்களை ஒரே வீச்சில் வெளியேற்றியது. நியமனக் கடிதம் பெற்று இரண்டாண்டுக்கு மேல் காத்திருந்து, 2024 அக்டோபரில் வேலையில் சேர்ந்த பிள்ளைகள் அவர்கள். செய்தி வெளியாகி, ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் கடிதம் எழுதிய பிறகுதான் மாநில அதிகாரிகள் வளாகத்துக்குச் சென்றார்கள். சென்று வந்து சொன்னது என்ன? அவர்கள் பயிற்சியாளர்கள், எனவே ஆட்குறைப்புச் சட்டம் பொருந்தாது என்றார்கள். டிசிஎஸ் விவகாரத்திலும் செய்தியும் சங்கத்தின் புகாரும் வந்த பிறகே துறை நிர்வாகத்தை அழைத்துப் பேசியது. நிபந்தனைப்படி தானாக வந்து சேர வேண்டிய தகவலை, அரசு பத்திரிகை பார்த்துத் தெரிந்துகொள்கிறது.

கர்நாடக மாநில ஐடி ஊழியர் சங்கம் 2017-இல் தொடங்கிய நாள் முதல் இதைத்தான் சொல்லி வருகிறது: நிபந்தனைகள் மீறப்படுகின்றன, மீறுபவர் எவருக்கும் விலக்கு ரத்தாகவில்லை. மனு, ஆர்ப்பாட்டம், உயர்நீதிமன்றம் என்று எல்லா வழிகளிலும் சங்கம் போய்ப் பார்த்துவிட்டது. இதோடு இன்னொன்றை ஒப்பிட வேண்டும். 2024 ஜூலை 15 அன்று கர்நாடக அமைச்சரவை, தனியார் நிறுவனங்களில் நிர்வாகப் பணிகளில் 50 விழுக்காடும் மற்றவற்றில் 70 விழுக்காடும் உள்ளூர் மக்களுக்கு ஒதுக்கும் மசோதாவுக்கு ஒப்புதல் அளித்தது. நாஸ்காம் ஓர் அறிக்கை விட்டது, சில தொழிலதிபர்கள் கண்டனம் தெரிவித்தார்கள். இரண்டே நாளில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. அந்த மசோதாவின் தகுதி வேறு விவாதம். உழைப்பாளரை மொழியாலும் பிறப்பிடத்தாலும் கூறுபோடும் ஆபத்து அதில் இருந்தது, மூன்று தலைமுறையாக நீலசந்திராவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக்கூட அது சங்கடத்தை உண்டாக்கியிருக்கும். நாம் கேட்பது வேறு. முதலாளிகள் சங்கத்தின் அறிக்கைக்கு 48 மணி நேரத்தில் பதில் கிடைக்கிறது, ஊழியர் சங்கத்தின் மனுவுக்கு ஏன் எட்டாண்டாகியும் கிடைக்கவில்லை?

மணிக்கணக்கின் அரசியல்

அடுத்தது வேலைநேரம். 2023 பிப்ரவரியில் பாஜக அரசு கர்நாடகத்தில் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, ஒரு நாளில் 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி திறந்தது. ஆப்பிளும் பாக்ஸ்கானும் இதற்காக முயன்றன என்று லண்டனிலிருந்து வரும் பைனான்சியல் டைம்ஸ் எழுதியது. தேர்தலில் வென்று வந்த காங்கிரஸ் அதைத் திரும்பப் பெறவில்லை. மாறாக 2024 ஜூலையில் ஐடி துறையில் 14 மணி நேரம் வரை வேலை வாங்க இடம் தரும் திருத்தம் பேசப்பட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் தொழிலாளர் அமைச்சர் சந்தோஷ் லாட், இது தொழில்துறையினரிடமிருந்து வந்த அழுத்தம் என்ற பொருளில் விளக்கம் தந்தார். அவர் அறியாமலேயே ஓர் உண்மையைச் சொல்லிவிட்டார். 2025 ஜூனில் அதே கரு வேறு வடிவில் வந்தது: அன்றாட வேலைநேரம் 9-லிருந்து 10 மணியாகும், மிகைநேரத்தோடு 12 மணி, மூன்று மாதத்துக்கான மிகைநேர வரம்பு 50 மணியிலிருந்து 144 மணியாகும். மூன்று ஷிப்டில் மூவர் செய்யும் வேலையை இரண்டு ஷிப்டில் இருவரைக் கொண்டு முடிக்கலாம் என்றால், வேலைவாய்ப்பு பெருகுமா, குறையுமா? முதலீட்டை அழைப்பது வேலைக்காக என்று சொல்லிக்கொண்டே வேலையைக் குறைக்கும் சட்டத்தை அதே முதலீட்டுக்காகக் கொண்டுவருகிறார்கள்.

தமிழ்நாட்டிலும் இது நடந்தது. 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. ஆளும் கூட்டணியிலேயே இருந்த இடதுசாரிகள் உள்ளிட்ட கட்சிகள் எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் அனைத்தும் ஒன்றுபட்டு நின்றன. மூன்று நாளில் சட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அதே தமிழ்நாட்டில் 2024 செப்டம்பர் 9 அன்று திருப்பெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் சங்கம் வைக்கும் உரிமைக்காக வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, அரசு பன்னாட்டு நிறுவனத்தின் பக்கம் சாய்ந்தது, போராட்டப் பந்தலைப் பிரித்தது, தொழிலாளர்களைக் கைது செய்தது. 37 நாள் உறுதியாக நின்று, நீதிமன்றம் வரை சென்று, 2025 ஜனவரியில் சங்கப் பதிவைப் பெற்றார்கள். அரசுகளின் முடிவை முதலீட்டாளரின் விருப்பம் மட்டுமே தீர்மானிப்பதில்லை என்பதற்கு இந்த இரண்டு நிகழ்வுகளும் அண்மைச் சான்று.

கர்நாடகத்திலும் சான்று உண்டு. தேவனஹள்ளி வட்டம் சன்னராயபட்டணப் பகுதியின் 13 கிராமங்களில் வான்தொழில் பூங்காவுக்காக 1,777 ஏக்கர் விளைநிலத்தைக் கையகப்படுத்த எடுத்த முயற்சியை எதிர்த்து விவசாயிகள் 2022 முதல் மூன்றாண்டுக்கு மேல் போராடினார்கள். 2025 ஜூலை 15 அன்று முதலமைச்சர் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். அறிவிப்பின் ஈரம் காயும் முன்பே ஆந்திர அமைச்சர் நாரா லோகேஷ், எங்களிடம் 8,000 ஏக்கர் தயாராக இருக்கிறது, இங்கே வாருங்கள் என்று அத்தொழில் நிறுவனங்களுக்குப் பகிரங்க அழைப்பு விடுத்தார்.

மாநிலங்கள் மோதிக்கொள்ளும் சந்தை இதுதான். 2025 அக்டோபரில் கூகுள் நிறுவனம் ஐந்தாண்டில் 1,500 கோடி டாலர் முதலீட்டில் விசாகப்பட்டினத்தில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையம் அமைக்கப் போவதாக அறிவித்தபோது, கர்நாடக அமைச்சர் பிரியங்க் கார்கே, இதற்கு ஆந்திரா 22,000 கோடி ரூபாய் அளவுக்குச் சலுகை தருகிறது என்று சாடினார். நிலத்தில், தண்ணீரில், மின்சாரத்தில், மாநில ஜிஎஸ்டியில் என்று அவர் பட்டியலிட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அதே அளவுகோலைத் தன் மாநிலம் தரும் சலுகைகளுக்கும் அவர் பொருத்திக் காட்டியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். தரவு மையம் என்பது கட்டும்போது ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தரும், கட்டி முடித்தபின் சில நூறு பேரைக் கொண்டு ஓடும். அது குடிப்பதோ மின்சாரமும் தண்ணீரும். 2024 கோடையில் பெங்களூருவின் நாளொன்றுத் தேவையான 260 கோடி லிட்டரில் 50 கோடி லிட்டர் பற்றாக்குறை என்று முதலமைச்சரே சொன்னதையும், தண்ணீர் லாரிக்காகக் குடங்களோடு வரிசையில் நின்ற பெண்களையும் இந்நகரம் அதற்குள் மறந்திருக்காது.

சென்னையில் நடந்ததோ இன்னும் விநோதம். 2025 அக்டோபரில் பாக்ஸ்கான் 15,000 கோடி ரூபாய் முதலீடு செய்யும், 14,000 பேருக்கு வேலை என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. அந்தச் சந்திப்பில் புதிய முதலீடு பற்றிப் பேசவில்லை என்று நிறுவனமே சொன்னது. பிறகு அரசு விளக்கம் கொடுத்தது. யார் சொன்னது சரி என்று மக்கள் எப்படித் தெரிந்துகொள்வது? ஒப்பந்தம் என்று ஒன்று வெளியிடப்பட்டிருந்தால் அதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம்.

எழுதி வைத்தால் என்ன ஆகும்?

வேலைவாய்ப்பை நிபந்தனையாக எழுதினால் முதலீடு ஓடிவிடும் என்பது வழக்கமான மிரட்டல். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தைப் பாருங்கள். 2017-இல் அங்கே பாக்ஸ்கான் 1,000 கோடி டாலர் முதலீடு, 13,000 வேலை என்று வாக்களித்தது. டிரம்ப் நேரில் வந்து கொண்டாடினார். மாநிலம் ஏறத்தாழ 300 கோடி டாலர் சலுகை தர ஒப்புக்கொண்டது. மோசமான பேரம்தான். ஆனால் வரிச்சலுகையை ஆளெடுப்போடு கட்டிப்போட்டிருந்தார்கள். ஆட்கள் சேரவில்லை, சலுகையும் போகவில்லை. 2021-இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டு, 1,454 வேலைகள், அதிகபட்சம் 8 கோடி டாலர் சலுகை என்று சுருங்கியது. சோசலிச நாடு அல்ல, குடியரசுக் கட்சியின் ஆளுநர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலேயே இந்த அளவு எச்சரிக்கை இருந்தது.

நம் பக்கத்தில் கேரளம் இருக்கிறது. கொச்சி ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் முந்தைய ஐக்கிய ஜனநாயக முன்னணி அரசு தயாரித்திருந்த உடன்பாட்டை 2007-இல் தோழர் வி.எஸ். அச்சுதானந்தன் தலைமையிலான அரசு மாற்றியமைத்தது. அரசின் இன்போபார்க்கைத் துபாய் நிறுவனத்துக்குக் கொடுப்பது கைவிடப்பட்டது, 246 ஏக்கர் நிலம் குத்தகையாக மட்டுமே தரப்பட்டது, வேலைவாய்ப்பு இலக்கு 90,000 என்று ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டது. அந்த இலக்கு நிறைவேறவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதனால்தான் 2024 டிசம்பரில் இடது ஜனநாயக முன்னணி அரசு ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு நிலத்தைத் திரும்பப் பெற முடிவெடுத்தது. வாக்கைக் காப்பாற்றாத நிறுவனத்துக்கு இழப்பீடு எதற்கு என்ற விமர்சனம் எழுந்தது. அது புறந்தள்ளத்தக்க விமர்சனம் அல்ல. ஆனாலும் நிலம் மக்களிடமே இருந்தது, இலக்கு காகிதத்தில் இருந்தது, ஆகவே திரும்பக் கேட்க முடிந்தது. 99 காசுக்கு நிலம் கொடுக்கிறவர்கள் நாளை எதைச் சொல்லித் திரும்பக் கேட்பார்கள்?

இன்னொரு விஷயம் அடிக்கடி மறக்கப்படுகிறது. இந்த நிறுவனங்களின் முன் அரசு கையேந்தி நிற்க வேண்டிய தேவையே இல்லை, ஏனெனில் அரசு அவற்றின் மிகப் பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்று. வருமானவரித் துறையின் இணையதளத்துக்கும் பெங்களூருவிலுள்ள அதன் செயலாக்க மையத்துக்குமாக 2019-இல் ஒன்றிய அமைச்சரவை இன்போசிஸுக்கு ஒப்புதல் அளித்த தொகை 4,242 கோடி ரூபாய். 2021 ஜூன் 7 அன்று தொடங்கப்பட்ட தளம் மாதக்கணக்கில் தடுமாறியது. ஆகஸ்டில் நிதியமைச்சர் நிறுவனத் தலைவரை நேரில் அழைத்துக் கேள்வி கேட்டார். பிஎஸ்என்எல் கதை இதைவிடக் கசப்பானது. 2020 ஜனவரி 31 அன்று 78,000-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் விருப்ப ஓய்வு என்ற பெயரில் ஒரே நாளில் வெளியே அனுப்பப்பட்டார்கள். 2023-இல் அதே பிஎஸ்என்எல் 4ஜி சேவைக்காக 15,000 கோடி ரூபாய்க்கும் அதிகமான பணியை டிசிஎஸ் தலைமையிலான கூட்டமைப்புக்கு அளித்தது. மக்கள் வரிப்பணத்தில் பணி பெறும் நிறுவனம், லாபம் ஈட்டும் காலத்தில் ஆட்குறைப்புச் செய்யக் கூடாது, அதன் வளாகங்களில் ஒப்பந்தத் தொழிலாளருக்குச் சட்டப்படியான கூலி தர வேண்டும் என்று ஒப்பந்தப்புள்ளியிலேயே சேர்க்க எந்தச் சட்டம் தடுக்கிறது? இணையதளம் திறக்காவிட்டால் அழைத்துக் கேட்கத் தெரிந்த அரசுக்கு, இதையும் கேட்கத் தெரிய வேண்டும்.

இப்போது ஏன் இது அவசரம் என்றால், 2025 நவம்பர் 21 அன்று மோடி அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. பழைய நிலையாணைச் சட்டம் அவற்றில் ஒன்றான தொழிலுறவுத் தொகுப்புக்குள் கரைக்கப்பட்டுவிட்டது. நிலையாணைகள் இனி 300 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடங்களுக்குத்தான். 300-க்குக் குறைவாக ஆட்களைப் பதிவுசெய்யும் ஒப்பந்ததாரர்கள் எத்தனை பேர் பெங்களூரு வளாகங்களில் இருக்கிறார்கள் என்பதைக் கூட்டித் துடைக்கும் பெண்களிடம் கேட்டால் தெரியும். பெரிய நிறுவனங்கள் தப்ப முடியாது என்றாலும், விலக்களிக்கும் அதிகாரம் புதிய தொகுப்பிலும் அரசிடமே வைக்கப்பட்டுள்ளது. தொகுப்புகளை எதிர்ப்பதாகச் சொல்லும் காங்கிரஸ், தான் ஆளும் கர்நாடகத்தில் ஐடி நிறுவனங்களுக்கு அந்த விலக்கைப் புதிய பெயரில் தொடருமா? செயலித் தொழிலாளர்களுக்காக 2025-இல் நல நிதிச் சட்டம் கொண்டுவந்து, ஒவ்வொரு பரிமாற்றத்திலும் 1 முதல் 5 விழுக்காடு வரை நிறுவனங்களிடம் வசூலிக்க வகைசெய்த அரசு இது. அவர்களைத் தொழிலாளர் என்று ஏற்கும் துணிவு அதில் இல்லையெனினும், நிறுவனங்களின் எதிர்ப்பை மீறி நிற்க முடியும் என்று காட்டிய சட்டம் அது. அந்தத் துணிவு இன்போசிஸ், டிசிஎஸ் வாசலில் ஏன் கரைந்துபோகிறது?

கர்நாடக அரசு செய்ய வேண்டியவை தெளிவானவை. ஐடி துறைக்கான விலக்கைப் புதிய விதிகளில் தொடரக் கூடாது. சலுகை பெறும் ஒவ்வொரு நிறுவனத்தோடும் போட்ட ஒப்பந்தத்தைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். நேரடி, ஒப்பந்தம் என்று பிரித்து, கூலியோடும் கால வரம்போடும் வேலைவாய்ப்பு அதில் எழுதப்பட வேண்டும். தவறினால் நிலமும் சலுகையும் திரும்பும் என்ற பிரிவு இருக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் விவாதம், வரைவு, குழு என்று நாளாகும் என்பார்கள். ஒன்றுக்கு மட்டும் நாளே தேவையில்லை. 2014 முதல், விலக்கின் மூன்றாவது நிபந்தனைப்படி, எந்தெந்த நிறுவனங்கள் எத்தனை பணிநீக்கங்களைத் தொழிலாளர் துறைக்குத் தெரிவித்தன? பட்டியல் இருந்தால் அதை வெளியிடட்டும். இல்லையென்றால், இல்லை என்று ஆணையர் எழுத்தில் சொல்லட்டும்.